மழை கனத்தாலே அம்மா விறைச்சுப் போயிடுறாங்க, உடம்பு வழியா செய்ற தெரபி பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

தேயிலைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இலங்கையில பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கோம், தோட்டத்துப் பேரு வேணாம். சில வருசத்துக்கு முன்னாடி எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேல இருந்த மேடு ராத்திரில சரிஞ்சு கடைசிக் காம்பிரா வீடுகள் மண்ணுக்குள்ள போயிருச்சு. நாங்க தப்பிச்சோம், அம்மாவோட சின்ன வயசுல இருந்து ஒண்ணா கொழுந்து எடுத்த கூட்டாளி தப்பிக்கல. அன்னைக்கு இருந்து அம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை கதைச்சதில்ல.

பகல்ல நல்லாத்தான் இருக்காங்க, காலைல வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போறாங்க, மலைக்குப் போறாங்க, சமைக்கிறாங்க. தகரத்துல மழைச் சத்தம் கனத்தா மட்டும் இஸ்தோப்புல (முன் திண்ணையில) அப்படியே நின்னுடுவாங்க, கை கால் சில்லுன்னு ஆயிரும், கூப்பிட்டா பதில் வராது, கொஞ்ச நேரம் கழிச்சு நடுங்கி நடுங்கி தான் நிதானத்துக்கு வருவாங்க. கழுத்தும் தோள்பட்டையும் எந்நேரமும் இறுகிப் போயே இருக்கு, டிஸ்பென்சரில வலி மாத்திரை தான் குடுக்குறாங்க. ஒரு இடத்துல கவுன்சிலிங் கூட்டிட்டுப் போனோம், உக்காந்த உடனேயே "அன்னைக்கு நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னு கேட்டாங்க, அம்மா வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாங்க, அப்புறம் கொஞ்ச நாள் தூக்கமே இல்ல. இனிமே எங்கயும் வரமாட்டேன்னுட்டாங்க.

யூடியூப்ல ஒருத்தங்க, நடந்த கதையைச் சொல்லாமலே உடம்பு வழியா நரம்பு மண்டலத்தை ஆத்துற தெரபி இருக்குன்னு சொன்னாங்க. நெசமா? லயத்துல வச்சே ஏதாச்சும் செய்யலாமா? பெரியம்மா வேற இது பயந்த கோளாறு, கோயில்ல மந்திரிச்சு நூல் கட்டுன்னு சொல்லிட்டே இருக்காங்க.

மாத்தளை_நேர்ஸ்:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு, அம்மா நடிக்கவும் இல்ல, அவங்க மனசு பலவீனமும் இல்ல. ஆபத்து வந்தா உடம்பு ஓடப் பாக்கும் இல்லாட்டி எதிர்க்கப் பாக்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், தசை இறுகும். ரெண்டுக்கும் வழியில்லாத நேரத்துல அப்படியே விறைச்சு நின்னுடும். இது நாம யோசிச்சு செய்றது இல்ல, மூளையோட அடித்தண்டுல இருந்து தன்பாட்டுல நடக்குறது. மண்ணு இறங்குற ராத்திரில இருட்டுல எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியாம நின்ன உடம்பு, இப்ப மழைச் சத்தம் கேட்டா அதே மாதிரி நிக்குது. அதனால தான் "பயப்படாதீங்க அம்மா, ஒண்ணுமில்ல"ன்னு எத்தனை தடவை சொன்னாலும் உடம்புக்கு அது போய்ச் சேராது.

நீங்க பாத்தது சோமாட்டிக் எக்ஸ்பீரியன்ஸிங்கா இருக்கும், அமெரிக்காவுல பீட்டர் லெவின்னு ஒருத்தர் 1970கள்ல இருந்து வளத்தெடுத்த முறை. இதுல கதையை முழுசா சொல்லச் சொல்ல மாட்டாங்க. இப்ப உடம்புல எங்க இறுக்கமா இருக்கு, எங்க கொஞ்சமாச்சும் சுகமா இருக்குன்னு கவனிக்க வைப்பாங்க. உதாரணத்துக்கு நெஞ்சு அடைக்குது, ஆனா உள்ளங்கால் தரையில நல்லா பதிஞ்சிருக்குன்னா, அடைப்புல கொஞ்ச நேரம், அப்புறம் உள்ளங்காலுக்கு, திரும்ப கொஞ்சம் அடைப்புக்கு, இப்படி அங்கயும் இங்கயுமா கூட்டிட்டுப் போவாங்க. ஒரே தடவையில எல்லாத்தையும் கிளற மாட்டாங்க, உடம்பு தாங்குற அளவுக்கு துளித் துளியா தான். நடுக்கம் வந்தா அதை அடக்கச் சொல்லவும் மாட்டாங்க. அம்மாவுக்கு அந்த கவுன்சிலிங்ல நடந்தது இதுக்கு நேர் எதிர், எடுத்த எடுப்புலயே அந்த ராத்திரிக்குள்ள தள்ளி விட்ட மாதிரி ஆயிருச்சு.

லயத்துல வச்சு செய்யக்கூடியது இருக்கு. முக்கியமா இதெல்லாம் மழை இல்லாத நேரத்துல, அம்மா நல்லா இருக்குற நேரத்துல பழகணும். கண்ணை மூடச் சொல்லாதீங்க, இப்படிப்பட்டவங்களுக்கு கண்ணை மூடினா அந்த ராத்திரி தான் தெரியும். திறந்த கண்ணோட மெதுவா தலையைத் திருப்பி வீட்டைச் சுத்திப் பாக்கட்டும், கதவு, சாமிப் படம், அடுப்பு, உங்க முகம். மூச்சை ரொம்ப ஆழமா இழுக்கச் சொல்லவும் வேணாம், சிலருக்கு அதுவே படபடப்பைக் கூட்டும். வெளிய விடுற மூச்சு மட்டும் கொஞ்சம் நீளமா இருந்தா போதும், மூச்சு விடும்போது மூளையில இருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும். சும்மா பாட்டு முணுமுணுத்தாலே மூச்சு நீளும். அம்மா கொழுந்து எடுக்குறப்போ பாடுவாங்களா? அதையே வீட்டுல பாடச் சொல்லுங்க, நீங்களும் சேந்து பாடுங்க.

இன்னொன்னு, இரத்தம் பாக்காம எல்லாத்தையும் மனசுன்னு முடிவு கட்டாதீங்க. இரத்தச்சோகை, தைரொயிட், சீனி வியாதி இதுக்கெல்லாமும் படபடப்பும் நடுக்கமும் வரும். கழுத்து வலிக்கு கொழுந்துப் பையை தலையில மாட்டி இழுக்குறதும் ஒரு காரணமா இருக்கலாம். முதல்ல அந்த டெஸ்டுகளைச் செய்யுங்க.

கொஸ்லந்தை_தம்பி:

அக்கா, நேர்ஸ் அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா நம்ம ஊருக்கு ஒரு விசயம் சேத்துச் சொல்லணும். இந்த முறையெல்லாம் "ஆபத்து முடிஞ்சு போச்சு, உடம்புக்கு மட்டும் இன்னும் தெரியல"ன்னு நெனச்சு செய்றது. நமக்கு ஆபத்து முடியல. எங்க கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்துல 2014 ஒக்டோபர் 29 காலையில மண்ணு இறங்குறதுக்கு முன்னாடியே, 2005லயும் 2011லயும் அந்த இடம் ஆபத்துன்னு எச்சரிச்சிருந்தாங்க. சனங்க பயந்தது சும்மா இல்ல. அதுக்கப்புறம் பாடசாலைகள்ல தங்கியிருந்தவங்களுக்கு சாப்பாடு குடுக்கப் போனவன் நான், மழை தூறினா போதும், பெரியவங்க சின்னவங்க எல்லாரும் எந்திரிச்சு வாசலுக்கு வந்து நிப்பாங்க. அதை வியாதின்னு சொல்ல எனக்கு மனசு வராது.

அதனால அம்மாவை அமைதியாக்குறதை மட்டும் பாக்காதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மூணு கட்டமா எச்சரிக்கை விடுறாங்க, சிவப்புன்னா வெளியேறணும். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், டோர்ச், ஒரு சால்வை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு கதவுக்குப் பக்கத்துல மாட்டுங்க. எந்தப் பாதையால எங்க போறதுன்னு அம்மாவோட பகல்ல நடந்தே பாருங்க, அம்மா முன்னாடி நடக்கட்டும், நீங்க பின்னாடி போங்க. அன்னைக்கு ஓட முடியாத காலுக்கு வழி தெரியணும். என்னைக் கேட்டா பாதி மருந்து அதுதான்.

தேயிலைப்பூ:

தம்பி இதைப் படிச்சிட்டு அழுதுட்டேன். யாருமே அம்மா பயப்படுறதுல நியாயம் இருக்குன்னு சொன்னதில்ல. பை இன்னைக்கே கட்டுறேன்.

நேர்ஸ் அக்கா, மழை நேரத்துல அம்மா அப்படி நின்னுட்டா அந்த நிமிசம் நான் என்ன செய்ய? நான் கையைப் புடிச்சா உதறுறாங்க. ஒன்லைன்ல ஒருத்தர் இந்த தெரபிக்கு கோர்ஸ் விக்கிறாரு, காசு கூட, முழுசா குணமாகும்னு போட்டிருக்காரு, சேரலாமா?

கண்டி_வாசகி:

கோர்ஸ் பத்தி நான் சொல்றேன். முழுசா குணமாகும்னு எழுதியிருந்தா அங்க காசு கட்டாதீங்கம்மா. நான் உளவியல் படிச்சவ, இந்த முறைமேல எனக்கு மதிப்பு இருக்கு, ஆனா ஆதாரம் இன்னும் கொஞ்சம் தான். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுல தப்பிச்சவங்களுக்கு இப்படி உடம்பு வழியா செஞ்சு பாத்து 2008ல ஒரு ஆய்வு வந்துச்சு, நிறையப் பேருக்கு கொறஞ்சதா சொன்னாங்க, ஆனா ஒப்பிட்டுப் பாக்க சிகிச்சை எடுக்காத குழு அதுல இல்ல. 2017ல இஸ்ரேல்ல 63 பேரை ஒழுங்கா ரெண்டு குழுவா பிரிச்சு செஞ்சாங்க, 15 வாரம் சிகிச்சை எடுத்தவங்களுக்கு, சிகிச்சைக்குக் காத்திருந்தவங்களை விட நல்ல மாத்தம் தெரிஞ்சது. நம்பிக்கை தருது, ஆனா 63 பேர் தான். உலக சுகாதார நிறுவனம் 2013ல பெரியவங்களுக்குப் பரிந்துரைச்சது அதிர்ச்சிக்குன்னே உள்ள நடத்தை சிகிச்சையையும், கண்ணை அசைச்சு செய்ற ஈஎம்டிஆரையும். அதையும் நல்லா தெரிஞ்சவங்க செஞ்சா முதல் நாளே கதையைக் கேக்க மாட்டாங்க, அம்மாவைத் தயார்ப்படுத்தி தான் தொடங்குவாங்க. அதனால கதைச்சு செய்ற சிகிச்சையே வேணாம்னு ஒதுக்கிடாதீங்க.

உடம்பைத் தொடுற மாதிரி இருந்தா அம்மாகிட்ட கேட்டுட்டு தான் தொடணும், அம்மா வேணாம்னா அதோட நிப்பாட்டணும். அப்படி நிப்பாட்டாத ஆள்கிட்ட திரும்பப் போகாதீங்க.

மாத்தளை_நேர்ஸ்:

அந்த நிமிசத்துக்கு: கையைப் புடிக்காதீங்க, உலுக்காதீங்க, முன்னாடி வந்து நின்னு வழியை மறைக்காதீங்க. பக்கவாட்டுல கொஞ்சம் தள்ளி, அவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி உக்காருங்க. சின்னக் குரல்ல, "அம்மா நான் தான், இது நம்ம இஸ்தோப்பு, இன்னைக்கு செவ்வாக்கிழமை, எச்சரிக்கை ஒண்ணும் வரல, பை கதவுகிட்ட மாட்டியிருக்கு"ன்னு சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க, எச்சரிக்கை வந்திருந்தா வந்திருக்குன்னு சொல்லி வெளிய கூட்டிட்டுப் போகணும், அப்ப மூச்சுப் பயிற்சிக்கு நேரம் இல்ல, கை புடிச்சாவது கூட்டிட்டுப் போங்க. மத்த நேரத்துல நடுக்கம் வந்தா வரட்டும், போத்தி விடுங்க, தானா அடங்கினதும் சூடா இஞ்சிப் பிளேன்டீ குடுங்க, கிளாஸை ரெண்டு கையாலயும் புடிக்கட்டும். ஏன் இப்படி ஆகுதுன்னு அப்ப விசாரிக்க வேணாம்.

பெரியம்மாவோட சண்டை போடாதீங்க. அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தா நூல் கட்டட்டும், சாமிகிட்ட உக்காந்து அழுறதும் உடம்புக்கு ஆறுதல் தான். அடிக்கிறது, புகை போடுறது, பட்டினி போடுறது மட்டும் கூடாது, கிளினிக்கை நிப்பாட்டவும் கூடாது.

அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு காசு இல்ல. அம்மா வரமாட்டேன்னா முதல்ல கழுத்து வலிக்குன்னு ஓபிடிக்கு கூட்டிட்டுப் போங்க, அதுவும் நெசம் தானே. ஒரு துண்டுல தமிழ்ல எழுதிக் குடுங்க: மண்சரிவுல தப்பிச்சவங்க, மழைக்கு விறைச்சுப் போறாங்க, தூக்கம் இல்ல, நடந்ததைக் கேட்டா மோசமாகுது, அதனால இப்போதைக்கு கேக்க வேணாம். சிங்களத்துல வேணும்னா எனக்கு மெசேஜ் போடுங்க, நான் எழுதித் தாறேன். அம்மா எப்பவாச்சும் உயிரோட இருந்து என்ன பிரயோசனம்னு சொன்னாங்கன்னா கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீங்க, 1926ங்கிற மனநல உதவி லைனுக்கு கோல் எடுங்க, இல்லாட்டி நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.