புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கூடியிருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எனக்கு அப்போது 29 வயது. ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. கர்ப்பமும் இல்லை, இரண்டு முறை பார்த்தாயிற்று. ஒருநாள் குளிக்கும்போது மார்பிலிருந்து பால் கசிந்தது. குழந்தையே பெறாதவளுக்கு எப்படிப் பால் வரும்? புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டி, மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் அழுதேன். அந்த மூன்று வாரம் வேறு யாருக்கும் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரத்தத்தில் புரோலாக்டின் 118. கர்ப்பமோ பாலூட்டலோ இல்லாத பெண்ணுக்குப் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது. ஊசி பயத்தில்கூட கொஞ்சம் ஏறும் என்று மறுபடி எடுத்தார்கள், குறையவில்லை. தைராய்டு குறைந்தாலும் இது கூடுமாம், எனக்கு அது சரியாகவே இருந்தது. எம்ஆர்ஐயில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 6 மில்லிமீட்டர் கட்டி தெரிந்தது. கட்டி என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது. மருத்துவர் பொறுமையாகத் திரும்பவும் சொன்னார்: இது புற்று இல்லை, 10 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சின்னக் கட்டி, பெரும்பாலும் மாத்திரைக்கே அடங்கும். மூளையிலிருந்து வரும் டோபமைன்தான் புரோலாக்டினுக்குக் கடிவாளம்; எனக்குத் தந்த கேபர்கோலின் மாத்திரை அந்த டோபமைனின் வேலையைச் செய்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், 0.25 மில்லிகிராம். முதலில் குமட்டல், எழுந்தால் தலைச்சுற்றல். இரவில் சாப்பிட்டுவிட்டுப் போட்டதும் குறைந்தது. மூன்றாம் மாதம் மாதவிடாய் வந்துவிட்டது.

மறுமொழி 1

அக்கா, ஆணுக்கும் இது வரும் என்றே எனக்குத் தெரியாது. எப்போதும் சோர்வு, தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. வெளியே சொல்லக் கூச்சம். அளவு 64. ஸ்கேன் எழுதுவதற்கு முன் மருத்துவர் கேட்டது, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று. நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் போட்டுவந்ததில் டோம்பெரிடோனும் கலந்திருந்தது. அது டோபமைனைத் தடுக்கும் மருந்து. அவர் சொல்லி நிறுத்தினேன்; சில வாரம் கழித்து 11. மனநல மருந்துகள் சிலவும் இப்படி ஏற்றும், ஆனால் அவற்றை நாமாக நிறுத்திவிடவே கூடாது. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

மறுமொழி 2

நான் புறா வளர்க்கிறேன். போன வருடம் குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் பெண் புறா இறந்துவிட்டது. குஞ்சுகளும் போய்விடும் என்றே நினைத்தேன். ஆண் புறா தனியாகவே தன் பாலைக் கக்கி ஊட்டி இரண்டையும் வளர்த்தது! கழுத்தடியில் இரை தங்கும் பையின் உட்சுவர் தடித்து, உதிர்ந்து, அந்தப் பால் உண்டாகிறது. ஆண், பெண் இரண்டுக்கும் அதைச் செய்வது இதே புரோலாக்டின்தான். 1930களில் ஆஸ்கர் ரிடில் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர் புறாவின் இந்தப் பையில் சோதித்துத்தான் ஹார்மோனுக்குப் பெயரே வைத்தார்கள். அக்கா, அப்புறம் உங்களுக்குக் குழந்தை?

முதலில் எழுதியவர்

பிறந்துவிட்டாள், தம்பி. கர்ப்பம் உறுதியானதும் மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தலைவலி கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே வரச் சொல்லியிருந்தார், ஒன்றும் வரவில்லை. தாய்ப்பால் கொடுக்கலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். தாராளமாகக் கொடுங்கள் என்றார். இப்போது ஏழு மாதம், இன்னும் குடிக்கிறாள்.