மகளை மருத்துவ ஆய்வில் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா?

கோவைக்காரன்:
மகளுக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. மூன்று வாரமாகக் குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கிறோம். நேற்று டாக்டர் ஒரு ஆய்வில் சேர்க்கிறீர்களா என்று கேட்டு 14 பக்கப் படிவத்தைக் கொடுத்தார், தமிழில்தான் இருக்கிறது, ஆனாலும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எந்த மருந்துக் குழு என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடுமாம். என் பிள்ளை என்ன சோதனை எலியா? முடியாது என்றால் கவனிப்பைக் குறைத்துவிடுவார்களோ?

வார்டு அம்மா:
குறைக்கக் கூடாது சகோ, அது விதி. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நாங்கள் ராத்திரி பத்து மணிக்கு, ஒரு கையில் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள்.

லேப் தம்பி:
சிடிஆர்ஐ, அதாவது நம் நாட்டு மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் தளத்தில் அந்த ஆய்வு பதிவாகியிருக்கிறதா பாருங்கள், பதிவு எண் கேட்டால் தருவார்கள். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் போன் நம்பர் படிவத்திலேயே இருக்கும். அப்புறம், ஏழு வயதுக்கு மேல் என்றால் பிள்ளையிடமும் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறை சொல்கிறது, நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சோதனை எலி பற்றி ஒன்று. இன்றைய மருந்தே அன்று சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த வழியில் வந்ததுதான். உங்கள் மகளுக்கு மஞ்சளாக ஒரு ஊசி மருந்து போடுகிறார்களா, மெத்தோட்ரெக்சேட்? அதற்கு முன்னால் வந்த, அண்ணன் முறை மருந்து அமினோப்டெரின். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதலில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார், நோய் இன்னும் வேகம் பிடித்தது. சரி, அதையே தடுத்தால் என்ன என்று 1947 கடைசியில் அமினோப்டெரினைக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது, சில மாதங்களுக்குத்தான், ஆனால் அதுவரை அதுகூடக் கிடையாது. மருந்தைச் செய்து கொடுத்தது எல்லாப்பிரகட சுப்பாராவ் குழு, அவர் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் இந்த 14 பக்கமெல்லாம் ஏது.

கோவைக்காரன்:
நன்றி. இன்று டாக்டரிடமே கேட்டேன். இரண்டு குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டாம், ஒரு மருந்தின் அளவில் மட்டும்தான் வித்தியாசமாம். மகளிடமும் சொன்னேன். முதுகில் போடும் ஊசி கூடுமா என்று மட்டும் கேட்டாள். அதிகமாகாது, கையில் இரண்டு தடவை கூடுதலாக ரத்தம் எடுப்பார்கள் என்றேன். யோசித்து நாளைக்குச் சொல்கிறாளாம்.