1885 கவுன்: உள்ளே கோர்செட் கட்டியே ஆக வேண்டுமா?

நூல்கண்டு:
ஒரு மேடை நாடகத்துக்கு 1885 லண்டன் பெண்ணின் உடை தைக்கிறேன். கோர்செட் (விறைப்பான பட்டைகள் வைத்து, நாடாவால் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை) வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தக் கால மேல்சட்டையின் உள்தையல்களிலேயே விறைப்பான பட்டை வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள், அதை ஒழுங்காகச் செய்தாலே உருவம் வந்துவிடும், அதற்கு மேல் நடிகையின் இடுப்பை இறுக்குவது வதை. 1881இலேயே லண்டனில் ரேஷனல் டிரெஸ் சொசைட்டி என்று சங்கம் தொடங்கி இந்த இறுக்கத்தை எதிர்த்தார்கள். உள்ளாடை மொத்தமும் 7 பவுண்டு எடையைத் தாண்டக் கூடாது என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது என்றால் பெண்கள் எவ்வளவு சுமந்திருப்பார்கள்!

ஊசிமுனை:
சட்டையில் பட்டை இருந்தது உண்மை சகோ. ஆனால் அது துணி சுருங்கி மேலே ஏறாமல் இருக்க வைத்தது. உடம்பைத் தாங்கியது கோர்செட்தான். அது இல்லாமல் சட்டையை மாட்டினால் இடுப்பில் குறுக்கே சுருக்கம் விழும், நீங்கள் கவலைப்படும் அந்தப் பாவாடைப் பாரமும் ஒரே நாடாவில் தொங்கி வயிற்றை அறுக்கும். கோர்செட் அந்தப் பாரத்தைப் பரப்பிவிடும். முதலில் சிம்மீஸ், அதன் மேல் கோர்செட், பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும் பஸில், பாவாடை, இத்தனையும் போட்ட பிறகு அளவு எடுங்கள். வெறும் உடம்பின் அளவுக்கு வெட்டிய கவுன் பிறகு எதைச் செய்தாலும் உட்காராது.

மேடைப்பக்கம்:
பாடி ஆடுகிற பெண்ணுக்கு இது சரிவராது. வயிறு விரிந்து மூச்சு எடுக்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவா போகிறது?

ஊசிமுனை:
கடைசி வரிசைக்குத் தெரிவதே உருவம் ஒன்றுதான், பித்தான் தெரியாது. 1780இல் உடல் மேல்பகுதி கூம்பு மாதிரி, முன்பக்கம் தட்டை, மார்பு மேலே தள்ளியிருக்கும். 1880களில் இடுப்பு வளைந்து உள்ளே போகும். இரண்டு காலத்துக்கும் ஒரே பிராவைப் போட்டு மேலே துணியை மட்டும் மாற்றினால் இரண்டுமே இன்றைய பெண்ணாகத்தான் தெரியும்.

இறுக்கம் என்கிறீர்களே, இடுப்பு சிறியதாகத் தெரிய இறுக்கத்தைவிடப் பஞ்சுதான் அதிகம் உதவும். இடுப்பெலும்புக்கு மேல் சின்னத் திண்டு, மார்பு ஓரத்தில் கொஞ்சம் நிரப்பு, பின்னால் பஸில், இவை இருந்தால் இடுப்பைக் கொஞ்சமே பிடித்தாலும் போதும். விலா எலும்பை அறுத்து எடுத்தார்கள் என்று பரவும் கதைக்கு ஆதாரமே கிடையாது. முதுகில் நாடா இரண்டு அங்குலம் திறந்தே இருக்கட்டும், பாடும் காட்சிக்கு இன்னும் தளர்த்தலாம்.

நூல்கண்டு:
சரி, ஆனால் தைப்பது லேசான காரியமா? நாடா கோர்க்கும் முதுகுக் கண்ணிகள் ஒரே இழுப்பில் பிய்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஊசிமுனை:
துணியை வெட்டி ஓட்டை போட்டால் பிய்யத்தான் செய்யும். கூரான குத்தூசியால் இழைகளை விலக்கி வழி பண்ணி, அதில் ஐலெட்டை (ஓட்டையின் விளிம்பைப் பிடிக்கும் உலோக வளையம்) அடியுங்கள். ஐலெட் வரிசைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்டீல் பட்டை வையுங்கள், நாடா இழுக்கிற இழுப்பு பட்டையில் விழும். இடுப்புக் கோட்டில் உள்ளே இழுபடாத பருத்தி டேப் ஒன்றைக் குறுக்கே ஓட்டுங்கள். முதலில் காடாத் துணியில் மாதிரி தைத்து, பட்டையையும் சொருகி, உட்கார வைத்துப் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருக்கிற கோர்செட்டின் கீழ் விளிம்பு உட்காரும்போது தொடையில் குத்தும்.

மேடைப்பக்கம்:
எங்கள் நாடகத்தில் இரண்டு காட்சிக்கு நடுவே உடை மாற்ற மூன்று நிமிடம்தான். நாடா கட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஊசிமுனை:
முன்பக்கம் பஸ்க் எதற்கு இருக்கிறது? கொக்கி போட்ட இரட்டைத் தகடு, நாடாவைத் தளர்த்திவிட்டு முன்னால் கழற்றலாம். காலணியை மட்டும் முதலிலேயே மாட்டிவிடுங்கள், அப்புறம் குனிவது கஷ்டம்.

மேடைப்பக்கம்:
கழற்றலாம், திரும்ப மாட்டி இறுக்க வேண்டாமா? பஸிலும் திண்டும் எடுத்துக்கொள்கிறேன், ஆடுகிற பெண்ணுக்குக் கோர்செட் கிடையாது.

நூல்கண்டு:
ஆடாத இரண்டு பாத்திரங்களுக்குத் தைத்துப் பார்க்கிறேன். காடாத் துணி வாங்கியாகிவிட்டது.