வெயிலில் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

சேலம், எம்.எஸ்சி. வேதியியல்:
என் ப்ராஜெக்ட், ஒளி பட்டால் தண்ணீரைப் பிரிக்க உதவும் ஹேமடைட் (ஒரு வகை இரும்பு ஆக்சைடு) மின்முனை. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடை வைத்துத் தண்ணீரைப் பிரித்ததாக எழுதினார்கள். அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அது கொஞ்சம்தான். ஹேமடைட்டின் பேண்ட் கேப் (எலக்ட்ரானை விடுவிக்க ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட், அதனால் நீலமும் பச்சையும்கூட வேலைக்கு ஆகும்.

"கஞ்சமலைக் கல்லையே அரைத்துப் பூசேன்" என்று வீட்டில் கிண்டல். அங்கே இருப்பது மேக்னடைட் என்ற வேறு இரும்புத் தாது, இதற்கு உதவாது. ஃபெரிக் குளோரைடு பாட்டில்தான் கதி. அதோடு சோடியம் நைட்ரேட் கலந்த கரைசலில் எஃப்டிஓ கண்ணாடியை (மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி) நிறுத்தி 100 டிகிரி சூட்டடுப்பில் வைத்தால் மஞ்சள் படலம் ஏறும். 550 டிகிரியில் சுட்டால் செங்கல் நிறம். தடித்த படலம் பார்க்க அழகு, கரண்ட் தருவதில் படு சோம்பேறி. ஒளி பட்டு உண்டாகும் துளைகள் (எலக்ட்ரான் விட்டுப் போன காலியிடங்கள்) சில நானோமீட்டர் நகர்வதற்குள் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்துவிடும். வெளிறிய மெல்லிய படலம்தான் முந்தியது.

ஏற்காடு, பள்ளி ஆசிரியர்:
சேலம் தம்பி கொடுத்த மின்முனைத் துண்டை வகுப்பில் காட்டினேன். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், பேட்டரி, மைக்ரோ அம்மீட்டர். மேகம் வந்தால் முள் சாயும், விலகினால் எழும். இங்கே மேகத்துக்கா பஞ்சம்! "குமிழி எங்கே சார்?" என்றார்கள். இத்தனை சின்ன கரண்டில் கண்ணுக்குத் தெரியாது. பேட்டரியைக் கழற்றினால் ஹைட்ரஜனே வராது. ஹேமடைட்டின் கடத்துப் பட்டை (விடுபட்ட எலக்ட்ரான் இருக்கும் ஆற்றல் மட்டம்) அதற்குப் போதிய உயரத்தில் இல்லை. "பேட்டரி போட்டால் அப்புறம் வெயில் எதற்கு?" என்றாள் ஒருத்தி. நல்ல கேள்வி. மின்சாரத்தால் மட்டும் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும், நடைமுறையில் இன்னும் கூட. அதில் ஒரு பங்கை வெயில் ஏற்கிறது என்றேன்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளி முலாம் பட்டறை:
தம்பி, கம்பி ஒட்டிய இடத்தை அரால்டைட் பசை போட்டு நன்றாக மூடினீர்களா? தண்ணீர் புகுந்தால் செம்பு அரிக்கும், அதுவும் மீட்டரில் கரண்டாகத்தான் தெரியும். முலாம் தொட்டியில் தினம் பார்க்கிறோம். விளக்கை அட்டையால் மறையுங்கள். முள் விழாவிட்டால் அது வெளிச்சத்தின் கரண்ட் இல்லை.

சேலம், எம்.எஸ்சி. வேதியியல்:
சரிதான் அண்ணா, மறைத்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் நோட்டில் ஏற்றுவதில்லை. அடுத்து பிஸ்மத் வனடேட் மின்முனை. காரம் அதிகமானால் அதில் வனேடியம் கரையும் என்பதால் இந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஆகாது, காரம் குறைந்த போரேட் கரைசல் கேட்டிருக்கிறேன்.