அழித்தாலும் திரும்பி வரும் மஞ்சள் விளக்கு: உங்கள் வேனில் என்ன நடந்தது?

என்னுடையது யூரோ 6 டீசல் வேன், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. ஒருநாள் லோடோடு ஏற்றத்தில் போகும்போது டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதோடு வண்டி இழுக்கவும் மறுத்துவிட்டது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் லிம்ப் மோடில் (இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் நிலை) ஊர்ந்துதான் போனது. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, டிபிஎஃப்பில் (புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) கரி அதிகம் என்றார்கள். நிறுத்திவைத்தே கட்டாய ரீஜெனரேஷன் (ஃபில்டரைச் சூடேற்றிக் கரியை எரிப்பது) செய்து, பதிவாகியிருந்த கோளாறு எண்ணை, அதாவது 'கோடு' என்பதை, அழித்துக் கொடுத்தார்கள்.

பத்து நாள்தான் தாங்கியது. இரண்டாம் முறை ஃபில்டரையே கழற்றிக் கழுவினார்கள். மூன்றாம் முறை பிரஷர் சென்சரை மாற்றினார்கள். நான்காம் முறை போனபோது, "ஃபில்டர் முடிஞ்சிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்றார்கள். அது வேனிலேயே விலை கூடிய உருப்படிகளில் ஒன்று. மனசு ஒப்பவில்லை. ஃபில்டர் அடைக்கிறது, சரி. அடைக்கிற அளவுக்குக் கரி எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே!

வண்டியின் கோளாறைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிப் போனில் பார்க்க ஆரம்பித்தேன். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓடவிடாமல் பார்த்தால் டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு பூஜ்யம் காட்டியது. அப்படியானால் சென்சர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. சில நூறு கிலோமீட்டராவது போக வேண்டும். அப்புறம்தான் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பக்கம் போனேன். ஏற்றத்தில் இன்ஜின் கேட்கும் அழுத்தம் 2.1 பார், கிடைப்பது 1.7 பார்.

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு கீறல். ஐடிலில் சத்தமே வராது, அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். அது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் மாஸ் சென்சரைத் தாண்டி இருப்பதால், அளந்த காற்று முழுதும் உள்ளே போய்விட்டதாக இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நம்பிக்கொண்டு அதற்கேற்ற டீசலைத் தெளிக்கிறது. காற்று பற்றாமல் எரிந்தால் கரிதான். பழைய டீசல் வண்டியாக இருந்தால் பின்னால் வருகிறவன் கறுப்புப் புகையைப் பார்த்துத் திட்டியிருப்பான், அன்றைக்கே தெரிந்திருக்கும். இதில் அத்தனையையும் டிபிஎஃப் விழுங்கிவிடுகிறது.

பிறகு வீட்டில் கிடந்த முதல் ஸ்கேன் தாளை எடுத்துப் பார்த்தேன். டிபிஎஃப் கோடுக்குக் கீழே இரண்டாவது வரியில் 'பி0299, டர்போ அழுத்தம் குறைவு, நிலுவையில்' என்று இருந்தது. கோடை அழித்தபோதெல்லாம் இதையும், கோளாறு வந்த நேரத்து வேகம், லோடு, வெப்பத்தைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் சேர்த்தே அழித்திருக்கிறார்கள்.

ஹோஸை மாற்றியதும் ரீஜெனுக்கு இடையே ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டுகிறது. ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. பாதியில் நின்ற ரீஜென்களால் டீசல் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. அதையும் வடித்துவிட்டு, சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றினேன்.

* * *

எனக்கும் டிபிஎஃப்தான், ஆனால் உங்கள் கதைக்கு நேர் எதிர். கரி வழக்கமான அளவில்தான் சேர்ந்தது, எரியத்தான் இல்லை. ரீஜெனுக்கு ஃபில்டர் 600 டிகிரியை ஒட்டிச் சூடேற வேண்டும். ஆனால் இன்ஜின் தண்ணீரே சூடாகாமல் இருந்தால் இசியூ அதைத் தொடங்கவே தொடங்காது. ஸ்கேனரில் பார்த்தால் ஒரு மணி நேரம் ஓட்டியும் 66 டிகிரி, இறக்கத்தில் 60-க்கும் கீழே. இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டு முள்ளை நம்பிப் பல மாதம் போனது. அது கிட்டத்தட்ட நடுவிலேயேதான் நின்றது.

என் தப்பும் உண்டு. எப்போதும் ரிசர்வ் வரை ஓட்டுகிற பழக்கம் எனக்கு. டீசல் மிகக் குறைந்தால் பல வண்டிகளில் ரீஜென் நடக்காது. ஐடில் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் ரீஜென் நடந்துகொண்டிருக்கலாம்; இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் சுற்றினால் அதை நடுவில் நிறுத்திவிட்டோம் என்று அர்த்தமாக இருக்கலாம். நான் அதைப் பார்த்து, 'ஃபேன் கெட்டுவிட்டதோ' என்று பயந்துகொண்டிருந்தேன்!

* * *

பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். 'இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது' என்று டாஷ்போர்டில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, ஒருவர் பதறிப்போய் வேனைக் கொண்டுவந்தார். கோடு பி20ஈஈ, எஸ்சிஆர் திறன் குறைவு. எஸ்சிஆர் என்பது ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலைத் தெளித்து, புகையிலுள்ள நாக்ஸை (நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை) குறைக்கும் அமைப்பு. அதற்குமுன் வேறு இடத்தில் இரண்டு நாக்ஸ் சென்சரும் மாற்றியாயிற்று. கோடில் சென்சர் பெயரே கிடையாது என்பதைக் கவனியுங்கள். நாக்ஸ் குறையவில்லை என்றுதான் அது சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை.

நான் முதலில் டேங்கிலிருந்து ஒரு சொட்டு ஆட்ப்ளூ எடுத்து, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், இருந்தது 25. விசாரித்தால், தண்ணீர் பிடிக்கிற கேனிலேயே ஆட்ப்ளூவும் வாங்கி வைத்திருக்கிறார்கள். டேங்கைக் காலி செய்து கழுவி, புதிதாக ஊற்றினோம். ஆட்ப்ளூவைத் தெளிக்கும் டோசிங் இன்ஜெக்டர் முனையில் வெள்ளைப் படிகம் கட்டியிருந்தது, வெந்நீரில் கரைந்துவிட்டது. ஆட்ப்ளூவுக்கும் ஆயுள் உண்டு. 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 35 டிகிரியில் வெறும் 6 மாதம். வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள்.

இன்னொன்று, 'டிபிஎஃப்பைக் குடைந்து காலி செய்து சாஃப்ட்வேரில் மறைத்துவிடலாம்' என்று யாராவது இங்கே எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் எழுதியவர் அதைச் செய்திருந்தால் கீறல் அப்படியே இருந்திருக்கும். கசிவை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுற்றி, கடைசியில் அதுவும் போயிருக்கும்.

* * *

முதலில் எழுதியவர் நான்தான். அய்யோ, அதைத்தான் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார்! கேட்கவே பயமாக இருக்கிறது. ஹோஸ் எங்கே என்று தனியே கேட்டவருக்கு: இன்டர்கூலரிலிருந்து இன்டேக் பக்கம் போவது, கிளாம்ப்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆயில் ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். அந்த இடத்தைக் கையால் முறுக்கிப் பாருங்கள், கீறல் விரியும்.