டமாக்ஸிஃபென் போடுற அம்மாவுக்கு கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சிருக்கு, ஏன்?

வைகைமகள்:
அம்மாவுக்கு 61 வயசு. மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், ரேடியேஷன் முடிஞ்சு தினமும் டமாக்ஸிஃபென் 20 மி.கி. போடுறாங்க. செக்கப் ஸ்கேன்ல 'எண்டோமெட்ரியம் 11 மி.மீ., சின்ன நீர்க்கட்டிகள்'னு வந்திருக்கு. மாதவிடாய் நின்னு வருஷக்கணக்காச்சு, ரத்தப்போக்கும் இல்ல. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கத்தானே இந்த மாத்திரை? அப்புறம் சவ்வு எப்படி வளரும்? ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து அம்மா மாத்திரையைத் தொட மாட்டேங்கிறாங்க.

பார்மசி_செல்வி:
முதல்ல அம்மாவை ஆன்காலஜி (புற்றுநோய்) டாக்டர்கிட்ட பேச வைங்க ம்மா. அவரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தவே கூடாது.

டமாக்ஸிஃபென் மார்பகத்துல ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடிச்சு அதை மறிக்கும். கர்ப்பப்பையில அதே இடத்துல உட்கார்ந்து, தானே லேசான ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும். மாதவிடாய் நின்னவங்க உடம்புல சொந்த ஈஸ்ட்ரோஜன் ரொம்பக் கம்மி, அதனால அந்த லேசான தூண்டலே சவ்வுக்குப் பெருசு. பாலிப்னு சின்ன சதை வளர்ச்சி வரும். சவ்வுக்கு அடியில நீர் கோத்து, ஸ்கேன்ல அதுவும் தடிப்பாவே தெரியும். அந்த 11 மி.மீ. மொத்தமும் வளர்ச்சின்னு அர்த்தம் இல்ல. தொந்தரவு இல்லாதவங்களுக்கு வருஷா வருஷம் இந்த ஸ்கேன் வேண்டாம்னு சொல்றதும் இதனாலதான்.

புற்று அபாயம் இல்லாம இல்ல. 2013ல வந்த அட்லஸ் ஆய்வுல, 5 வருஷத்துல நிறுத்தினவங்கள்ல 1.6%, 10 வருஷம் வரை தொடர்ந்தவங்கள்ல 3.1% பேருக்குக் கர்ப்பப்பைப் புற்று. ஆனா தொடர்ந்தவங்களுக்கு மார்பகப் புற்று திரும்பறதும், அதனால உயிர் போறதும் குறைஞ்சுது. ஒரு சொட்டு ரத்தமோ பழுப்பு கசிவோ பட்டா மட்டும் தள்ளிப் போடாதீங்க, உடனே பயாப்ஸிக்கு (சதையைக் கொஞ்சம் எடுத்துப் பாக்குற டெஸ்ட்) போகணும்.

கோவை_அக்கா:
எனக்கு உள்பாவாடையில காப்பிக்கறை மாதிரி லேசா பட்டுச்சு. கர்ப்பப்பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற ஹிஸ்டரோஸ்கோப்பி பண்ணி பாலிப்பை எடுத்தாங்க, பயாப்ஸி நல்லபடியா வந்துச்சு. அப்புறம் டமாக்ஸிஃபெனுக்குப் பதிலா, ஈஸ்ட்ரோஜன் சுரப்பையே குறைக்குற லெட்ரோசோலுக்கு மாத்திட்டாங்க. அது சவ்வைத் தூண்டாது, ஆனா எலும்பைத் தேய்க்கும். காலையில விரல் மடங்காது, தோசைக்கரண்டியைப் பிடிக்கவே நேரமாகும். எலும்பு பலம் பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்து கால்சியம் போடுறேன்.

நிலா_92:
குழந்தைக்காக, கருமுட்டை வளர க்ளோமிஃபீன் மாத்திரை போட்டப்போ எனக்கு சவ்வு 6 மி.மீ.லயே நின்னுடுச்சு. அதுவும் இதே வகைன்னாங்களே அக்கா?

பார்மசி_செல்வி:
ஒரே வகைதான் நிலா. ஆனா உங்க வயசுல ஈஸ்ட்ரோஜன் நிறைய ஊறும். சவ்வு அதை வச்சு வளர வேண்டிய நேரத்துல க்ளோமிஃபீன் இடத்தை அடைச்சுக்குது, உடம்பை விட்டுச் சீக்கிரம் போறதும் இல்ல. லெட்ரோசோல் இடத்தை அடைக்காது, சுரப்பைக் கொஞ்ச நாள் குறைச்சுட்டுப் போயிடும். சவ்வு மெலியுறவங்களுக்கு டாக்டருங்க அதுக்கு மாத்துறது இதனாலதான்.