புதுப்பிப்பு: ‘சாந்தாராம்’ முடித்துவிட்டேன்

900 பக்கங்களுக்கு மேல் போகும் ‘சாந்தாராம்’ நாவலைப் பாதியில் நிறுத்திவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். விடாதே என்று சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. நேற்றுக் காலை, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகள் விடுவதற்கு முன்பே, காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை முடித்தேன்.

ஆஸ்திரேலியச் சிறையிலிருந்து தப்பி பம்பாய் வந்தவனின் கதை. அவன் தன் வழிகாட்டியும் நண்பனுமான பிரபாகரோடு மராட்டியக் கிராமத்துக்குப் போகும் பகுதியை இரண்டு முறை படித்தேன். ஊரார் மொழியைக் கற்றுக்கொள்கிறான், அவர்களே அவனுக்கு சாந்தாராம் என்று பெயர் வைக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பிரெஞ்சுப் பாட்டி இருக்கிறார். கீரைக்காரம்மாவிடம், “நேத்து குடுத்தது முத்தல், இன்னைக்கு இளசா குடு” என்று அவர் கட்டை பிரித்துப் பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அந்த அத்தியாயம் எனக்கு அப்படித்தான் நெருக்கமானது. குடிசைப்பகுதியில் காலரா வரும் இடமும் உலுக்கிவிட்டது.

ஆனால் பம்பாய் தாதா காதர்பாயின் தத்துவ உரைகள் நீளம். அவன் காதலிக்கும் கார்லாவை வர்ணிக்கும் வரிகளில் சர்க்கரை அதிகம். ஆப்கானிஸ்தான் போர்ப் பகுதியைத் தள்ளித் தள்ளித்தான் கடந்தேன். கதை மறுபடி பம்பாய்க்குத் திரும்பியதும்தான் மூச்சு வந்தது.

சரி, புத்தகம் அடுத்து யாருக்கு வேண்டும்? முதுகில் டேப் ஒட்டியிருக்கிறேன், பக்கம் எதுவும் போகவில்லை. முத்தியால்பேட்டை பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.